மலைவீதியில் சுமை இழுக்கும் வண்டியும் கியர் எண்ணெயின் வெப்பமும்

தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா ஆகிய பகுதிகளில் மரக்கறி பயிரிடும் கமக்காரருக்கு, விளைவிப்பது பாதி வேலையேயாகும். விளைந்த கரட், லீக்ஸ், கோவா, பீட்றூட், உருளைக்கிழங்கு ஆகியவற்றை வாடாமலும் நசுங்காமலும் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. தலவாக்கலை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. பசளையும் விதைக்கிழங்கும் மேலே ஏற வேண்டும். விளைபொருள் கீழே இறங்க வேண்டும். 1999 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்லினும், புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு இடம் மாறிய மெனிங் சந்தைக்குச் செல்லினும், மலையைக் கடந்தே செல்லுதல் வேண்டும்.

இவ்வேலைக்கு லொறிகளும் உழவு இயந்திரங்களும் மட்டுமன்றி, பின்னே இழுவைப்பெட்டி பூட்டிய கெப் வண்டிகளும் பயன்படுகின்றன. இக்கெப் வண்டிகளுட் சில தானியங்கிக் கியர் உடையவை. 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் பொதுவாக அனுமதிக்கப்பட்டமையால், பல குடும்பங்கள் பழைய வண்டியையே பேணி ஓட்ட வேண்டியவையாயின. அறுவடைக் காலத்தில் கியர்ப்பெட்டி பழுதடையுமாயின், திருத்தும் செலவோடு, ஏற்றிய பொருளும் வீணாகின்றது. ஆகவே, கராஜ்களில் 'ஒயில் கூலர்' எனப்படும் எண்ணெய்க் குளிர்விப்பானை மேலதிகமாகப் பொருத்துதல் பயன் தருமா என்பது ஆராயத்தக்க விஷயமாகும்.

சுருங்கக் கூறின், தானியங்கிக் கியர் உடைய வண்டி ஏற்றத்தில் சுமை இழுக்குமாயின் கூலர் நன்மை தரும். ஆயின் அது அதிகச் சுமை ஏற்றுவதற்கு உரிமை தருவதன்று. இறக்கத்தில் பிரேக்கைக் காப்பதும் அன்று. இவ்விரண்டையும் மறந்து கூலரை நம்புபவர், கியர்ப்பெட்டியைக் காத்து உயிரை இழக்க நேரிடலாம்.

வெப்பம் எவ்வாறு உண்டாகின்றது?

சாதாரணக் கியர் உடைய வண்டியில் எஞ்சினின் வலு, கிளச்சுத் தட்டின் வழியாக நேரே கியர்ப்பெட்டியை அடைகின்றது. தானியங்கிக் கியரில் இடையே எண்ணெய் நிற்கின்றது. எதிரெதிரே வைக்கப்பட்ட இரண்டு காற்றாடிகளுள் ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்று மற்றதையும் சுழற்றும். அவ்வாறே, 'டோர்க் கன்வேட்டர்' என்னும் உறுப்பினுள் எஞ்சின் ஒரு சில்லைச் சுழற்ற, அது வீசும் எண்ணெய் எதிரேயுள்ள சில்லைச் சுழற்றுகின்றது. இரண்டு சில்லுகளும் ஒரே வேகத்தில் சுழலாதபோது, இடைப்பட்ட வலு எண்ணெயில் வெப்பமாக மாறுகின்றது.

சமதரையில் ஒரே வேகத்தில் செல்லும்போது, பெரும்பாலான வண்டிகளில் உள்ளேயுள்ள ஒரு பூட்டு அவ்விரு சில்லுகளையும் ஒன்றாகப் பிணைத்து விடும். அப்போது வெப்பம் குறைவு. ஆனால் வளைவும் ஏற்றமும் நிறைந்த வீதியில் வண்டி மெல்ல ஊரும்போது அப்பூட்டு விடுபடும். எடுத்துக்காட்டாக, எஞ்சின் 60 கிலோவாற்று வலுவைக் கொடுக்க, அதில் ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு வீணாகின்றது எனக் கொள்வோம். 12 கிலோவாற்று எண்ணெயில் வெப்பமாகச் சேர்கின்றது. ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் பன்னிரண்டை ஒருங்கே எரிப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இவ்வெண்ணெய் பொதுவாக 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையுள்ள உஷ்ணத்தில் நன்கு வேலை செய்யும். 120 பாகையைத் தாண்டி நெடுநேரம் நிற்குமாயின் விரைவிற் கெடும். உஷ்ணம் 10 பாகை கூடுந்தோறும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி. கெட்ட எண்ணெய் நிறம் கறுத்து, தீய்ந்த மணம் வீசும். கியர் மாறுவது தாமதிக்கும். எஞ்சின் உறுமியும் வண்டி நகராது. இக்குறிகள் தோன்றிய பின் கூலரை மட்டும் பொருத்துவதால் பயனில்லை. உள்ளேயிருக்கும் தட்டுகள் முன்னரே தேய்ந்திருக்கக் கூடும்.

மலைநாட்டின் தனி இயல்பு

மலைநாடு குளிர்ந்த பிரதேசமாதலின் எஞ்சின் சூடேறாது எனச் சிலர் கருதுவர். இது முழு உண்மையன்று. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். நுவரெலியாவில் காற்றமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. அடர்த்தி குறைந்த காற்று ரேடியேட்டரிலிருந்து குறைந்த வெப்பத்தையே எடுத்துச் செல்லும். அன்றியும், ஏற்றத்தில் வண்டி மெல்லச் செல்வதால் எதிர்க்காற்றும் குறைவு.

திறந்த பாத்திரத்தில் நீர் கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்து விடும். ரேடியேட்டரின் அமுக்க மூடி உள்ளமுக்கத்தை உயர்த்தி, கொதிநிலையையும் உயர்த்துகின்றது. அம்மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருப்பின் அப்பாதுகாப்பு இல்லாது போகும். சிறு விலையுள்ள அம்மூடியைப் பாராமல் விலை உயர்ந்த கூலரை வாங்குவது முறையன்று. சூடான நிலையில் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது.

பெரும்பாலான தானியங்கிக் கியர் வண்டிகளில், கியர் எண்ணெய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் அமைந்த சிறு குழாயின் வழியே சென்று குளிர்ந்து மீளும். ஆகவே ரேடியேட்டர் சேறும் பூச்சியும் படிந்து அடைபட்டிருப்பின், எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒருங்கே துன்புறும். தோட்டத்து மண்பாதையில் ஓடும் வண்டியின் ரேடியேட்டர் இதழ்களை, எஞ்சின் ஆறிய பின், பின்புறமிருந்து முன்புறமாக மெல்லிய நீர்வீச்சால் அடிக்கடி கழுவுதல் வேண்டும். வலிய நீர்வீச்சு இதழ்களை வளைத்து விடும்.

பழைய வண்டிகளில் மற்றுமோர் ஆபத்து உண்டு. தொட்டிக்குள் இருக்கும் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுமாயின் நீரும் எண்ணெயும் கலக்கும். ரேடியேட்டர் நீர் பால் கலந்த இளஞ்சிவப்பு நிறமாகக் காணப்படின், வண்டியை உடனே நிறுத்த வேண்டும். நீர் கலந்த எண்ணெய் கியர்த் தட்டுகளின் உராய்வுப் படலத்தைச் சிதைத்து விடும்.

எவ்வண்டிக்கு வேண்டும், எதற்கு வேண்டா?

சாதாரணக் கியர் உடைய சிறு லொறிகளுக்கு இவ்வகைக் கூலர் பொதுவாகத் தேவையில்லை. அவற்றில் கியர்ப்பெட்டி எண்ணெயின் மட்டம் சரியாயிருத்தலும், கிளச்சை அரைவாசி மிதித்தபடி ஏற்றத்தில் வண்டியைத் தாங்கி நிற்காதிருத்தலுமே முக்கியம். ஏற்றத்தில் நிற்க வேண்டின் கைப்பிரேக்கைப் பயன்படுத்துக.

நெல்வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் பயன்படும் இருசக்கர உழவு இயந்திரங்களுட் சில, ரேடியேட்டர் இன்றி நீர்த்தொட்டி மட்டும் உடையவை. அத்தொட்டி நீர் கொதித்து ஆவியாவதனாலேயே எஞ்சின் குளிர்கின்றது. ஆதலின் ஆவி எழுதல் பழுதன்று. நீர்மட்டம் தாழ்தலே பழுது. வலப்பனை, ஹங்குரன்கெத்தைப் பக்கத்து வயல்களிலிருந்து நெல்மூடை ஏற்றி மேலேறுவோர், வழிக்கு வேண்டிய நல்ல நீரைக் கலனில் எடுத்துச் செல்ல வேண்டும். நீர் முற்றும் வற்றி எஞ்சின் கொதித்திருப்பின், உடனே குளிர்நீர் ஊற்றுதல் கூடாது, வார்ப்பிரும்பு வெடிக்கும். ஆற விட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுக.

தானியங்கிக் கியர் கெப் வண்டியில் இழுவைப்பெட்டி பூட்டி அடிக்கடி ஏற்றம் ஏறுவோருக்கே மேலதிகக் கூலர் உண்மையில் வேண்டப்படுவது. செலவு செய்யுமுன் எண்ணெயின் உஷ்ணத்தை அளந்தறிதல் நன்று. பல புதிய வண்டிகளில் கராஜிலுள்ள சோதனைக் கருவியை இணைத்து, வழக்கமான சுமையோடு ஏற்றம் ஏறி, உஷ்ணத்தைப் பார்க்கலாம். நீண்ட ஏற்றத்திலும் 100 பாகையைத் தாண்டாவிடின், கூலருக்குரிய பணத்தை எண்ணெய் மாற்றுவதற்கும் பிரேக்குக்கும் செலவிடுவதே விவேகம்.

பொருத்தும் முறை

கூலர் என்பது எண்ணெய் ஓடும் சிறு ரேடியேட்டரே. வளைந்த குழாயும் இதழ்களும் கொண்ட வகை விலை மலிந்தது; தட்டுகளை அடுக்கிச் செய்த வகை அதே பருமனில் அதிக வெப்பத்தை நீக்கும். பின்வரும் விதிகளைத் திருத்துநர் கைக்கொள்கின்றாரா எனக் கமக்காரர் அருகிருந்து கவனித்தல் நன்று.

1. கூலரை ரேடியேட்டருக்கும் குளிர்சாதனக் கண்டன்சருக்கும் முன்னால், எதிர்க்காற்று நேரே படும் இடத்தில் இருத்த வேண்டும். பின்னுள்ளவற்றின் காற்றை முற்றாக மறைக்கும் அளவு பெரிதாயிருத்தல் கூடாது. ஒன்றோடொன்று உரசாதவாறு சிறிது இடைவெளியும் விட வேண்டும்.

2. உலோகப் பட்டைகளால் தாங்கிப் பொருத்துக. ரேடியேட்டர் இதழ்களினூடே பிளாஸ்டிக் நாடாவைச் செலுத்திக் கட்டும் வழக்கம் தீயது. வண்டி அதிருந்தோறும் அந்நாடா மெல்லிய குழாய்களை அராவி ஓட்டையாக்கும்.

3. எண்ணெய் முதலில் ரேடியேட்டர்த் தொட்டியைக் கடந்து, பின்னர் கூலரை அடைந்து, அதன்பின் கியர்ப்பெட்டிக்கு மீள வேண்டும். அதாவது, கூலர் மீள்குழாயில் இணைக்கப்படல் வேண்டும். எது மீள்குழாய் என்பதை ஊகத்தால் முடிவு செய்யாது, வண்டியின் கைந்நூலைக் கொண்டோ, எண்ணெயின் ஓட்டத்தைச் சோதித்தோ துணிய வேண்டும்.

4. கியர் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட ரப்பர்க் குழாயையே பயன்படுத்துக. நீர்க்குழாயும் சாதாரண எரிபொருட்குழாயும் சூடான எண்ணெயில் இளகி வெடிக்கும். உலோகக் குழாயை வெட்டி ரப்பரை இணைக்கும் இடத்தில், குழாயின் வாயைச் சிறிது விரித்துக் கவ்வியால் இறுக்க வேண்டும். விரிக்காத வாயிலிருந்து ரப்பர் நழுவி விடும். குழாய் கூரான விளிம்பிலோ எஞ்சினின் சூடான பகுதியிலோ படாதிருத்தல் வேண்டும்.

5. எண்ணெய் புகும் வாய்கள் கீழ்நோக்கி அமையுமாயின் கூலருக்குள் காற்றுத் தங்கும். மேலேயோ பக்கத்திலோ அமைத்தல் நன்று.

6. அவ்வண்டியின் கியர்ப்பெட்டி முன்னொரு முறை உடைந்திருப்பின், பழைய குழாய்களிலும் குளிர்விக்கும் உறுப்புகளிலும் உலோகத்தூள் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவியோ மாற்றியோ விட்ட பின்னரே புதியதைப் பொருத்துக.

வேலை முடிந்தபின் எண்ணெய் குறைந்திருக்கும். கூலரும் குழாய்களும் தமக்குரிய எண்ணெயை ஏற்றுக்கொள்ளும். உற்பத்தியாளர் குறித்த வகை எண்ணெயையே சேர்க்க வேண்டும். மட்டத்தைக் கைந்நூல் கூறும் உஷ்ணத்திலும் நிலையிலும், சமதரையில் வண்டியை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் நுரைத்து வெப்பத்தைக் கூட்டும்; குறைந்ததும் அவ்வாறே கெடுதி தரும். முதல் நாளும், முதல் சுமைப்பயணத்தின் பின்னும், எல்லா இணைப்புகளிலும் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும்.

இயலுமாயின் எண்ணெய் உஷ்ணமானி ஒன்றையும் பொருத்துக. சாரதியின் முன்னே இருக்கும் நீர் உஷ்ணமானி எஞ்சினின் நிலையையே காட்டும். கியர் எண்ணெய் தீய்ந்து கொண்டிருக்கையிலும் அம்முள் நடுவிலேயே நிற்கக் கூடும்.

பனிக்காலத்து எச்சரிக்கை

நுவரெலியாவில் ஆண்டின் தொடக்கத்துச் சில இரவுகளில் துகட்பனி படிவதுண்டு. அத்தகைய விடியலில் எண்ணெய் தடித்து மெல்லவே ஓடும். மேற்கூறிய முறையில் கூலரை ரேடியேட்டர்த் தொட்டிக்குப் பின் இணைப்பினும், பெரிய கூலர் அதனை மிகக் குளிரச் செய்யலாம். எண்ணெய் சூடேறும் வரை அதனைக் கூலருக்குள் விடாது திருப்பிவிடும் வெப்பக்கதவு உடைய கூலர் இப்பிரதேசத்துக்கு ஏற்றது. விடியலிற் புறப்படுவோர் முதற் சில கிலோமீற்றர் தூரத்தை மெல்ல ஓட்டுதல் நலம்.

ஏற்றத்தில் ஓட்டும் முறை

சுமையோடு ஏறும்போது கியரை 'டி' நிலையில் விட்டு, அது மேலும் கீழும் மாறி மாறி அலைய விடுதல் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் தட்டுகளை உரசிச் சூடாக்கும். 'ஓவர் டிரைவ்' பொத்தானை நிறுத்தி, 3 அல்லது 2 ஆகிய தாழ்ந்த கியரில் எஞ்சின் திடமாகச் சுழலும் வண்ணம் ஏறுக. நான்கு சக்கர இயக்கமும் தாழ்கியரும் உடைய வண்டியாயின், தோட்டத்துச் செங்குத்தான வழுக்குப் பாதையில் அத்தாழ்கியரைப் பயன்படுத்துதல் வெப்பத்தைப் பெரிதும் குறைக்கும். உலர்ந்த தார்வீதியில் அதைப் பயன்படுத்தலாமா என்பதைக் கைந்நூல் கூறும். உஷ்ணம் கூடின், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கியரை 'பி' நிலையிலிட்டு, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட விடுக. எஞ்சின் ஓடினாலன்றி எண்ணெய் கூலரில் ஓடாது.

இறக்கமே பெரும் சோதனை

மேலேறுகையில் வண்டியை உயர்த்துவதற்குச் செலவான சக்தி இறங்குகையில் திரும்ப வருகின்றது. வண்டி, இழுவைப்பெட்டி, சுமை ஆகிய யாவும் சேர்ந்து 4 தொன் எனக் கொள்வோம். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்குகையில் வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 75 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கை டயரும் காற்றும் ஏற்கும். எஞ்சியதை எஞ்சினின் தடையோ பிரேக்கோ ஏற்க வேண்டும். முழுவதையும் பிரேக் ஏற்குமாயின், தகடுகள் தீய்ந்து, பிரேக் திரவம் கொதித்து, மிதி வெறுமனே தாழும்.

கியர் எண்ணெய்க் கூலர் இவ்வெப்பத்தைத் தொடுவதில்லை. தாழ்ந்த கியரில் எஞ்சினின் தடையோடு இறங்கும்போது கியர் எண்ணெயிற் சேரும் வெப்பத்தை மட்டுமே அது நீக்கும். ஆகவே, ஏறும்போது எக்கியரோ, அக்கியரிலோ அதனினும் தாழ்ந்த கியரிலோ, இறக்கம் தொடங்குமுன்னரே மாற்றிக்கொண்டு இறங்குக. பிரேக்கை இடையறாது மெல்ல மிதித்தபடி வராது, சற்று அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மீண்டும் அழுத்துக. எரிபொருள் மிச்சம் எனக் கருதிக் கியரை விடுவித்து உருள விடுதல் உயிருக்கு உலை வைக்கும் செயலாகும்.

நானுஓயா – ரதல்ல குறுக்கு வீதியின் செங்குத்தான இறக்கத்தை இப்பகுதியார் நன்கறிவர். 2023 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் தேதி அவ்வீதியில் பஸ், வான், முச்சக்கர வண்டி ஆகியவை மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். சுமை வண்டி ஓட்டுவோர் குறுகிய வழியைக் காட்டிலும் சரிவு குறைந்த வழியையே தெரிந்து கொள்ள வேண்டும்.

இருசக்கர உழவு இயந்திரம் ஓட்டுவோர் ஒரு விஷயத்தை மறத்தலாகாது. திருப்பும் கிளச்சு உடைய இயந்திரத்தில் சமதரையில் இடக்கைப் பிடியை அழுத்தினால் அது இடப்புறம் திரும்பும். சரிவில் சுமை பின்னிருந்து தள்ளும்போது, அதே பிடியை அழுத்தினால் வலப்புறம் திரும்பி விடும். இதனை அறியாத புதியோர் பள்ளத்தில் விழ நேரும். இறக்கத்தில் கிளச்சைத் தொடாது, கைப்பிடியைத் தள்ளியே திருப்புக. இழுவைப்பெட்டியின் பிரேக் வேலை செய்கின்றதா என முன்னரே சோதிக்க.

சுமையின் அளவு

1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்த மலையக இருப்புப்பாதையை அமைத்தோர், 44 அடிக்கு ஓரடி என்ற சரிவுக்கு மேற்படாதவாறு பாதையை வளைத்து வளைத்துச் சென்றனர். சரிவு மிகுமாயின் எஞ்சின் இழுக்கக்கூடிய சுமை குறையும் என்பதே அதற்குக் காரணம். வீதியின் சரிவைக் கமக்காரர் மாற்றவியலாது; சுமையை மாற்றவியலும். வண்டியும் இழுவைப்பெட்டியும் சேர்ந்து எவ்வளவு பாரம் இருக்கலாம் என்பதை உற்பத்தியாளர் கைந்நூலிற் குறித்துள்ளார். எத்தனை கூலர் பொருத்தினும் அவ்வெண் கூடுவதில்லை. அச்சும் சட்டமும் பிரேக்கும் பழையனவே.

மழையில் அறுத்த கோவாவும், சேறு ஒட்டிய கரட்டும் அதே எண்ணிக்கை மூடையில் அதிகப் பாரம் உடையவை. ஆதலின் மூடையை எண்ணாது, நிறுத்துப் பார்த்து ஏற்றுக. ஐயமிருப்பின் ஒரு பயணத்தை இரண்டாக்குக. அறுவடை தொடங்குமுன், அமுக்க மூடி, ரேடியேட்டர், கியர் எண்ணெய், பிரேக் திரவம், இழுவைப்பெட்டியின் பிரேக் ஆகியவற்றை இவ்வரிசையிலேயே பார்த்துச் சீர் செய்து, அதன்பின் தேவை காணின் கூலரைப் பொருத்துவதே கமக்காரருக்குச் சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.